தந்தையைக் காட்டிக்கொடாத ஆம்பலி

நன்மை நிலைபெறுக. கீழ்க்கடலையும் செங்கால் ஆற்றையும் எல்லையாக உடைய கடம்பவாரி நாட்டைக் காக்கும் கடமை பூண்டு, திருவாழிபுரத்து அரியணையில் அமர்ந்திருக்கும் அரசி ஆழிநங்கை எழுதுவிக்கும் திருமுகம். மேலைமலைத் தொடர்க்குக் காவலராய், நம் தாயுடன் பிறந்தவராய், நாம் நடை பழகிய நாளில் விரல் கொடுத்தவராய் விளங்கும் அம்மான், மலைமண்டல வேள் இளங்கொற்றனார் காண்க. தங்கள் குன்றுகளில் மழை தவறாதிருக்க. தினையும் மிளகும் நிறைய விளைக. தங்கள் யானைகள் நோயின்றி வாழ்க. தங்கள் குடிகள் கதவைத் தாழிடாமல் உறங்குக. இங்கு நாமும் நம் மக்களும் அவையோரும் நலமே.

தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. மிளகுப் பொதியோடு இறங்கும் வணிகரைக் கணவாயில் மறித்துப் பறிக்கும் கூட்டத்தார் வேற்று நாட்டவர் அல்லர், தங்கள் மண்டலத்து ஊர்களிலேயே பிறந்தவர் என்றும், துரத்தினால் தத்தம் வீடுகளுக்குள் புகுந்து மறைகிறார்கள் என்றும், பெற்றோரும் மனைவியரும் வாய் திறப்பதில்லை என்றும் வருந்தி எழுதியிருந்தீர்கள். துறைநகராம் திருவாழிபுரத்தில் நடைமுறையில் இருந்த ஒளித்தோர் தண்டம் என்னும் கட்டளையை மலைமண்டலத்துக்கும் நீட்டித்துத் தர வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள்.

அக்கட்டளை இன்னதென்று தாங்கள் அறிவீர்கள். குற்றம் செய்து ஓடியவனை ஒளித்து வைத்தவர் எவராயினும், பெற்றவரே ஆயினும் பிள்ளையே ஆயினும், அவனுக்குரிய தண்டத்தைத் தாமும் ஏற்க வேண்டும். காட்டிக்கொடுத்த உறவினர்க்கு அரசு நிலம் அளிக்கும் என்பது அது. எந்தையார் காலத்துப் போரில், பகைவர் விட்ட ஒற்றரைப் பிடிப்பதற்காகப் பிறந்தது. போர் ஓய்ந்து நெடுநாள் ஆகியும் துறைவாயிலில் கல்லில் பொறித்தபடியே நின்றது. அந்தக் கல் இப்போது அங்கே இல்லை. ஏன் இல்லை என்பதைத் தங்களுக்குச் சுருங்கச் சொல்லிவிட்டு ஆணையிடுவது எளிது. ஆயினும் தாங்கள் நமக்கு வெறும் மண்டலத் தலைவர் அல்லர். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுவிக்கிறோம். ஓலை நீண்டால் பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு, கோயில் விளக்கெண்ணெயில் கலப்படம் செய்து ஓடிய ஒரு செக்கு வாணிகனை அவன் மகன் ஏறன் என்பவன் காட்டிக்கொடுத்தான். கட்டளைப்படி நிலமும் பெற்றான். தந்தை சிறையில் காய்ச்சல் கண்டு இறந்தான். உடலைப் பெற்றுக்கொண்டு வந்த ஏறன், பாடை சுமக்க ஆளின்றித் தெருவில் நின்றான். அண்டை வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டனர். உறவினர் ஊரிலேயே இல்லை என்று சொல்லியனுப்பினர். அப்போது அத்தெருவழியே வந்த அயல்நாட்டார் ஒருவர், தம் ஏவலரை அழைத்து, பாடையின் ஒரு முனையைத் தம் பட்டாடைத் தோளில் ஏற்றிக்கொண்டு சுடுகாடுவரை நடந்தார். அவர் பெயர் லியாங் சென். சீன நாட்டிலிருந்து தூதுக்குழுவோடு வந்து, காற்று மாறும்வரை நம் நகரில் தங்கியிருந்த அறிஞர். நம் மொழியைத் தட்டுத்தடுமாறியேனும் தெளிவாகப் பேசுவார்.

செய்தி நம் செவிக்கு எட்டியதும் அவரை அழைத்து, முன்பின் அறியாதவனின் பாடையை ஏன் சுமந்தீர் என்று வினவினோம். இறந்தவனுக்கு உரிய முறைமையை ஓர் ஊர் செய்யாது விட்டால், இருப்பவர்க்கும் அவ்வூரில் முறைமை கிடையாது போய்விடும் என்று அவர் கூறினார். தந்தையை விற்ற மகன் இழிந்தவன் அல்லனா என்று கேட்டோம். இழிந்த செயல்தான், ஆனால் தந்தை என்னும் பெயருக்கு விலை உண்டு என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது துறைவாயிலில் நிற்கும் கல் என்று பணிவோடு விடை பகர்ந்தார். நம் முதலமைச்சரும் அறங்கூறு அவையத் தலைவருமான முகையூர்க்கிழார் முகம் சிவந்தார். 

அதன் பின் அவர் பலமுறை அவைக்கு வந்தார். தம் நாட்டில் மிகப் பழங்காலத்தில் வாழ்ந்த ஓர் ஆசானைப் பற்றிப் பேசினார். அந்த ஆசான் அரசவை அரசவையாக நடந்தாராம். எந்த அரசனும் அவர் சொற்படி நாட்டை நடத்தவில்லையாம். ஆயினும் மாணவர்கள் அச்சொற்களைக் கைவிடவில்லையாம். ஒருநாள் மணற்பலகையில் ஓர் எழுத்தை வரைந்து காட்டினார். நிற்கும் ஆள் ஒருவன், அவனருகே இரண்டு என்னும் எண்ணைக் குறிக்கும் இரண்டு கோடுகள். மனிதன் மனிதனிடத்தில் கொள்ளும் நேயத்துக்கு அவர்கள் எழுதும் எழுத்து அது. தனித்திருப்பவனிடம் இந்தக் குணம் விளையாது, எதிரில் இன்னொருவர் இருக்கும்போதே விளையும் என்று விளக்கினார். அது முதன்முதலில் ஊறுவது பெற்றவர்க்கும் பிள்ளைக்கும் இடையில். அங்கிருந்தே தெருவுக்கும் ஊருக்கும் நாட்டுக்கும் பாய்கிறது. ஊற்றை அரசே அடைத்துவிட்டு வாய்க்காலில் நீர் இல்லையே என்று குடிகளை வைவது முறையாகுமோ என்றும் கேட்டார். கேட்பதற்கு இனிதாக இருந்தது. ஆனால் இனிய சொல்லை நம்பி நாட்டை நடத்த முடியுமா என்னும் ஐயம் நமக்கு நீங்கவில்லை.

அந்த ஐயத்துக்கு விடை ஆற்றிலிருந்து வந்தது.

செங்கால் ஆற்றில் வெள்ளம் பெருகும்போது ஓடம் விடலாகாது என்று ஆனைத்துறையில் சிவப்புக் கொடி ஏற்றுவது வழக்கம். கூத்தன் என்னும் ஓடக்காரன், கொடி பறந்துகொண்டிருக்கும்போதே, அக்கரைத் திருமணத்துக்குச் செல்வோர் வற்புறுத்தியதால் ஓடத்தை அவிழ்த்தான். தன் கைத்திறனில் அவனுக்கு அத்தனை நம்பிக்கை. நடு ஆற்றில் மிதந்து வந்த மரம் மோதி ஓடம் கவிழ்ந்தது. நால்வர் மாண்டனர். அவர்களுள் ஒருவன் மகிழ்நன் என்னும் நெசவாளன். சாத்தி என்னும் கைம்பெண்ணுக்கு ஒரே மகன். கூத்தன் கரையேறி ஓடிவிட்டான்.

காவலர் ஊரெங்கும் தேடினர். கூத்தனுக்கு ஆம்பலி என்று ஒரு மகள். கணவனை இழந்து, வலை முடைந்து தனியே வாழ்பவள். அவள் இருவர்க்குச் சோறு வடிப்பதைக் கண்டு காவலர் வீட்டினுள் புகுந்தனர். தந்தை அங்கு இல்லை. உண்ட இலை மட்டும் இருந்தது. அவளை நம் முன் நிறுத்தினர். கட்டளைப்படி அவளுக்கு உரிய தண்டம், தந்தைக்கு உரியதே: உயிர் உள்ளவரை தீவு உப்பளத்தில் உழைப்பு.

அவை நிறைந்திருந்தது. தந்தை இருக்குமிடம் தெரியுமா என்று முகையூர்க்கிழார் கேட்டார். அவள் விடையளித்த சொற்களைச் செப்பம் செய்யாமல் அவள் வாய்மொழியாகவே எழுதச் சொன்னோம்.

"தெரியும் ஐயா. தெரியாதுன்னு சொல்லிட்டா நீங்க விட்டாலும் விட்டுருவீங்க. ஆனா பொய் சொல்ல எனக்கு வாய் வரல. எங்க அப்பா இருக்கற எடம் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்."

உப்பளம் இன்னதென்று அறிவாயா என்று அவர் கேட்டார்.

"அறிவேன். அங்க போனா கால் புண்ணு ஆறாதுன்னு சொல்வாங்க. நான் போறேன். அவரு செஞ்சது தப்பில்லன்னு நான் சொல்லல. நாலு உசிரு போயிருச்சே. ஆனா அவரப் புடிச்சுக் குடுக்கற கை எங்கையா இருக்கக் கூடாது."

அவையில் முணுமுணுப்பு எழுந்தது. மாண்டவரின் உறவினரும் வந்திருந்தனர். அவர்களுள் சாத்தி முன்வரிசையில் அமர்ந்திருந்தாள். நீதி வேண்டி வந்தவள் அவள். ஆகவே உன் விருப்பம் யாது என்று அவளைக் கேட்டோம். மகளையேனும் அனுப்புங்கள் என்பாள் என்றே எதிர்பார்த்தோம். அவள் எழுந்து, ஆம்பலியைப் பார்த்துவிட்டு நம்மிடம் சொன்னாள்.

"எம்மவன் ஏதோ தப்புப் பண்ணிட்டு ஓடியாந்து எங்கதவத் தட்டியிருந்தா நான் தொறக்காம இருந்திருப்பேனா தாயி? பொணமா வராம உசிரோட வந்தானேன்னு தொறந்திருப்பேன். அவளும் தொறந்தா. அதுக்குப் போயி இவள உப்பளத்துல போட்டா எவ்வயிறு ஆறாது. எனக்கு வேண்டியது அந்த ஆளு. அவன் வந்து எம்மொகத்தப் பாத்துச் சொல்லட்டும்."

அம்மான், நூல்கள் பல கேட்டிருக்கிறோம். தன் நிலையில் பிறரை வைத்தும் பிறர் நிலையில் தன்னை வைத்தும் பார்ப்பதே நேயத்தின் வழி என்று லியாங் சென் உரைத்தபோது தலையசைத்ததும் உண்டு. மகனைப் பறிகொடுத்த வாயிலிருந்து அதைக் கேட்டபோதுதான் அதன் எடை நம் நெஞ்சில் இறங்கியது. அவையை ஒத்திவைத்தோம்.

அன்று பிற்பகல் முகையூர்க்கிழாரையும் லியாங் சென்னையும் ஒருங்கே அழைத்தோம். முகையூர்க்கிழார் கல்நெஞ்சர் அல்லர் என்பதைத் தாங்களும் அறிவீர்கள். அவர் கூறியதில் உண்மையும் இருந்தது. இன்று ஓடக்காரனை மகள் ஒளிப்பாள், நாளை கொலைகாரனைத் தாய் ஒளிப்பாள், எல்லா வீடும் கோட்டையாகிவிட்டால் வீடற்றவனுக்கு மட்டுமே நீதி நடக்கும், மாண்டவர்க்கு யார் பதில் சொல்வது என்று அவர் வாதித்தார்.

லியாங் சென், தம் நாட்டிலும் ஆசான் வழிவந்தோர் இந்த இடத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமக்குள் வழக்காடுகின்றனர் என்பதை முதலில் ஒப்புக்கொண்டார். பின்பு, குற்றத்தை மறக்கவேண்டும் என்று தாம் சொல்லவில்லை என்றார். அரசுக்குக் கண்ணும் காலும் உண்டு, அவற்றால் தேடுக, பிள்ளையைக் கயிறாக முறுக்கித் தந்தையைக் கட்ட வேண்டா. தண்டத்துக்கு அஞ்சியவன் அகப்படாமல் தப்பவே கற்பான். நாணத்துக்கு அஞ்சியவனே தானாகத் திரும்புவான். நாணம் என்பது, தன்னை இன்னும் மனிதனாக மதிக்கும் ஒரு முகமேனும் உள்ளவனுக்கே உண்டு. அந்தக் கடைசி முகத்தையும் அரசு பறித்துக்கொண்டால், அவன் எவர் முன் நாணுவான் என்று கேட்டார்.

நாம் ஆம்பலியை மீண்டும் வரவழைத்தோம். தந்தையை ஒளிப்பதோடு மகளின் கடன் முடிந்துவிடுமா, அவர் செய்தது தவறு என்று அவரிடம் எடுத்துச் சொன்னாயா என்று கேட்டோம்.

"தெனமும் சொல்றேம்மா. சோத்தப் போட்டுட்டுச் சொல்றேன். அவரு அழுவுறாரு. உப்பளத்துக்குப் பயந்து ஒளியல. அந்தம்மா மொகத்துக்குப் பயந்து ஒளியறாரு."

அதைக் கேட்ட பின் நமக்கு வழி தெளிவாயிற்று. ஆம்பலியை விடுவித்தோம். பெற்றோர்க்கு எதிராகப் பிள்ளையையும், பிள்ளைக்கு எதிராகப் பெற்றோரையும், கணவன் மனைவியருள் ஒருவருக்கெதிராக மற்றவரையும் சான்று சொல்ல அழைப்பதில்லை என்று அறிவித்தோம். கூத்தனைத் தேடுவதை நிறுத்தவில்லை. ஆனால் ஆம்பலியின் பின்னே ஆள் விடலாகாது என்று காவலர்க்குக் கட்டளையிட்டோம். மாண்ட நால்வர்க்கும் நீர்க்கடன் செய்யும் நாளில் அரசகுடும்பமும் துறையில் நிற்கும் என்று சொல்லியனுப்பினோம். துறைவாயில் கல்லை அகழ்ந்தெடுக்க ஆள் விட்டபோது, எவரும் அழையாமலே ஏறன் வந்து கயிற்றில் கை வைத்தானாம். அவனை விலக்க வேண்டா என்று ஊரார் தாமே சொன்னார்களாம்.

அதன்பின் வந்த நாட்கள் நமக்கு எளிதாக இல்லை. கூத்தன் வரவில்லை. அரசி பெண்ணாகையால் இளகிவிட்டாள் என்று கடைத்தெருவில் பேசியது நம் செவிக்கும் வந்தது.  

ஆறு தணிந்து, நீர்க்கடன் நாள் வந்தது. முற்பகல் வெயிலில் ஆனைத்துறை முழுதும் மக்கள். சாத்தி இடுப்பளவு நீரில் நின்று எள்ளும் நீரும் இறைத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் திடீரென்று இரண்டாகப் பிரிந்தது. நரைத்த தாடியோடு, மேலாடையின்றி, ஒருவன் நடந்து வந்தான். அவனுக்குச் சற்றுப் பின்னே ஆம்பலி. கூத்தன் என்று அறிந்ததும் காவலர் பாய்ந்தனர். அவர்களைக் கை உயர்த்தித் தடுத்தவர் முகையூர்க்கிழார். நாம் அதைக் கண்ணால் கண்டோம்.

கூத்தன் நீரில் இறங்கிச் சாத்தியின் எதிரே நின்றான்.

"அம்மா, நாந்தான் கூத்தன். கொடி பறந்ததப் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஓடத்த அவுத்தேன். யாரும் என்னத் தள்ளல."

அவள் அவனை அடிப்பாள் என்று நினைத்தோம். அவள் கேட்டது வேறு.

"எம்மவன் கடேசியா என்ன பண்ணுனான்? நீதான பக்கத்துல இருந்த. அதச் சொல்லு."

 கூத்தன் சொன்னான்.

"ஒரு கொழந்தயத் தண்ணிக்கு மேல தூக்கிப் புடிச்சிருந்தாரு. நீந்தத் தெரியல அவருக்கு. 'இதப் புடிய்யா'ன்னு எங்கையில குடுத்தாரு. நான் வாங்கிட்டுத் திரும்பறதுக்குள்ள ஆளக் காணல. அந்தப் புள்ளயக் கரையில விட்டுட்டுத்தாம்மா நான் ஓடுனேன்."

வெள்ளத்தில் பிழைத்த பெண்குழந்தை ஒன்று கரையில் கிடந்ததை ஊர் அறியும். எப்படிக் கரை சேர்ந்தது என்பதை எவரும் அறியார். அக்குழந்தையின் தாய் கூட்டத்தில் இருந்தாள். அவள் ஓடிவந்து, குழந்தையைச் சாத்தியின் கையில் கொடுத்துவிட்டு, வாய் பொத்தி அழுதாள். சாத்தி ஈரக் கையால் அந்தப் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே கூத்தனை நோக்கினாள்.

"போ. போயி ஒந்தண்டனைய வாங்கிக்க. அத நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். முடிச்சிட்டு வா. வருசா வருசம் இந்த நாள்ல எங்கூட வந்து தண்ணில நில்லு. எம்மவனுக்குத் தண்ணி எறைக்க எனக்கு வேற யாரு இருக்கா?"

அவன் கரையேறித் தானே காவலரிடம் கைகளை நீட்டினான். மறுநாள் அவையில், தானே வந்தவன் என்பதால் குறைத்து அவனுக்குத் தண்டம் விதித்தோம்: இரண்டு மழைக்காலம் முடியும்வரை தீவு உப்பளம், உணவுப் படகு செல்லும்போது மகள் உடன் சென்று காணலாம், ஆண்டுதோறும் நீர்க்கடன் நாளில் காவலோடு துறைக்கு வரலாம். தீர்ப்பைக் கேட்டு மாண்டவரின் உறவினர் ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆம்பலி அவைக்கு வெளியே சாத்தியின் கையைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

இந்தக் கார்காலத்தில் மீண்டும் வெள்ளம் வந்தது. துறைக்காவலர் பாதிப்பேர் காய்ச்சலில் படுத்திருந்ததால் ஆனைத்துறையில் காவல் இல்லை. கொடியை ஓடக்காரர்களே ஏற்றினர். ஒரு படகும் அவிழவில்லை. இதை நமக்குச் சொன்னவர் முகையூர்க்கிழார்; சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை மறைக்க அவர் முயலவுமில்லை.

லியாங் சென் காற்று மாறியதும் கப்பலேறினார். விடைபெறும்போது, தம் நாட்டில் அந்த ஆசானின் சொற்களை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு நேர் எதிராக நடக்கும் அதிகாரிகள் மிகப் பலர் என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர்களிடம் நெசவாளனின் தாய் சாத்தியைப் பற்றிச் சொல்லப்போவதாகவும் சொன்னார்.

அம்மான், இனி தங்கள் மண்டலத்துக்கு வருவோம். கணவாயில் பறிகொடுத்த வணிகரின் துயரை நாம் சிறிதாக எண்ணவில்லை. இத்திருமுகத்துடன் கணவாய்க் காவலுக்கு நம் படையிலிருந்து ஒரு பிரிவு வருகிறது. தங்கள் ஆணைக்கு அடங்கி நடக்கும். கொள்ளையில் கையும் களவுமாக அகப்பட்டவரை அறங்கூறு அவையில் நிறுத்தி முறைப்படி தண்டியுங்கள். அதோடு, உழவர் மக்களும் வேட்டுவர் மக்களும் என்ன கண்டு காட்டுக்கு ஏறினர் என்பதையும் தாங்களே ஊர் ஊராகச் சென்று கேட்டறியுங்கள். தினைப்புனம் காய்ந்த ஊர்கள் என்று தாங்கள் குறிக்கும் ஊர்களுக்கு இவ்வாண்டு இறைவரி இல்லை. பசித்திருப்பவனிடம் முறைமை பேசுவதற்கு முன் அவனுக்கு அரிசி அனுப்புவது அரசின் கடன். தானே வந்து ஆயுதத்தை வைப்பவனுக்குத் தண்டம் குறைக்கத் தங்களுக்கு அதிகாரம் அளிக்கிறோம். வரும் வழியில் அவனைப் பிடித்ததாகக் காவலர் எவரும் பெருமை கொள்ளலாகாது.

ஒளித்தோர் தண்டம் மலைமண்டலத்துக்கு இல்லை. இனி இந்நாட்டில் எவ்விடத்துக்கும் இல்லை.

இன்னும் ஒன்று. தங்கள் ஓலையைக் கொண்டுவந்தவனுக்கு உணவிட்டு ஊர்ச் செய்தி கேட்டபோது, கட்டளை வரும் என்னும் துணிவில் தங்கள் கோட்டைக்காவலர் கொள்ளையர் சிலரின் அன்னையரை முன்னதாகவே பிடித்து வந்து பண்டசாலை அறையில் அடைத்திருப்பதாக அறிந்தோம். அதைத் தாங்கள் எழுதவில்லை. தங்களுக்கே தெரியாது போலும் என்று கொள்கிறோம். இத்திருமுகத்தைப் படித்து முடித்ததும், ஏவலரை அனுப்பாமல், தாங்களே சென்று அக்கதவைத் திறக்க வேண்டும். அவர்கள் மக்கள் எங்கே என்று ஒரு சொல்லும் கேளாதீர்கள். உண்டீர்களா என்று கேளுங்கள். உண்ணவில்லை என்றால் அவர்களோடு அமர்ந்து உண்ணுங்கள். பின்பு பல்லக்கிலோ வண்டியிலோ ஏற்றி, பகல் வெளிச்சத்தில், எல்லாரும் காண, அவரவர் ஊரில் கொண்டுபோய் விடுங்கள். காட்டில் இருக்கும் பிள்ளைகள் மலைமேலிருந்து அதைப் பார்ப்பார்கள்.

இது அரசியின் ஆணை. மருமகளின் வேண்டுகோளும் இதுவே.

எழுதியவன் அரண்மனை ஓலையெழுத்தன் மதியன். உடனிருந்து கேட்டு உடன்பட்டவர் முகையூர்க்கிழார். கடம்பமலர் முத்திரை நம் கையாலேயே இட்டோம். மலையும் ஆறும் உள்ளவரை இவ்வாணை நிற்க. அதைக் காப்பவர் குடி தழைக்க.